எள்ளுப்பாட்டியின் பேர் தெரியுமா?

அப்பா பேர் தெரியும். தாத்தா பேர் தெரியும். தாத்தாவின் அப்பா? கொஞ்சம் நெற்றியைத் தேய்த்தால் வந்துவிடும். சரி, உங்கள் அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பேர் என்ன? அவர் உங்கள் கொள்ளுப்பாட்டி. அவரைப் பெற்றவர் எள்ளுப்பாட்டி. அவர் பேர்?

பெரும்பாலும் இங்கேதான் நிற்போம். நானும் இங்கேதான் நின்றேன். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நம்மைப் போலவே அடுப்பூதி, பிள்ளை பெற்று, மழைக்கு ஏங்கி வாழ்ந்த ஒருத்தி. அவள் இல்லாவிட்டால் நான் இல்லை. அவள் பேர் எனக்குத் தெரியாது! அந்த ஒரு கேள்விதான் என்னை இந்தத் தேடலில் இறக்கிவிட்டது. ஓய்வு நாளில் சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் மாடியில் செடி வளர்க்கிறார்கள். நான் பாட்டன் பூட்டன்களைத் தேடுகிறேன். தேடப் புறப்பட்டபோது 'நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்தை யார் எழுதிவைத்திருக்கப் போகிறார்கள்' என்றுதான் நினைத்தேன். எழுதிவைத்திருக்கிறார்கள்! கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார், பாதிரியார் எழுதியிருக்கிறார், கப்பல் குமாஸ்தா எழுதியிருக்கிறார். நாம் எதிர்பாராத இடங்களிலெல்லாம் நம் ஆட்கள் மையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பேரன் என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது தெரியுமா? பேர்! பெயரன்தான் பேரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். சங்கப் பாட்டிலேயே இந்தச் சொல் உண்டு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அந்த ஒற்றைச் சொல்லில் இரண்டாயிரம் வருஷமாக உயிரோடு இருக்கிறது. ராமசாமி மகன் சுப்பையா, சுப்பையா மகன் ராமசாமி, மறுபடி சுப்பையா. தேடுகிறவருக்கு இது வரமும் சோதனையும். ஒரு தலைமுறையின் பேர் தொலைந்துபோனால் இரண்டு தலைமுறை தள்ளிப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் பழைய பத்திரத்தில் 'ராமசாமி' என்று கண்டதும் குதித்துவிடக் கூடாது, அது தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று வருஷத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சோழ மன்னர்களும் இப்படித்தான் பட்டப்பெயரை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள்: ஒருவர் ராஜகேசரி, அடுத்தவர் பரகேசரி, மறுபடி ராஜகேசரி!

உறவுச் சொற்களே பாதித் தகவலைக் கையில் கொடுத்துவிடும். கொங்குநாட்டில் அப்பத்தா என்றால் அப்பாவின் அம்மா, அம்மிச்சி என்றால் அம்மாவின் அம்மா. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா. எந்தக் கிளை என்று தனியாகக் கேட்கவே வேண்டாம். மேலே போனால் பூட்டன், பூட்டி, அதற்கும் மேலே ஓட்டன், ஓட்டி. ஏழாம் தலைமுறை பரன், பரை என்றும், அதிலிருந்துதான் 'பரம்பரை' வந்தது என்றும் ஒரு பட்டியல் கைப்பேசிகளில் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பரம்பரை வடமொழிச் சொல். 'ஒன்றன்பின் ஒன்றாக' என்பது அதன் பொருள். நம் உறவுச் சொற்களின் உண்மைப் பெருமைக்கு இந்த இட்டுக்கட்டல் தேவையே இல்லை.

அந்த உண்மைப் பெருமை என்ன? 1859. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன், செவ்விந்தியரான செனெக்கா மக்களின் உறவுமுறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்களுக்கு அப்பாவின் சகோதரரும் அப்பாதான், அம்மாவின் சகோதரர் மட்டும் வேறு. இது உலகில் இன்னும் எங்கேனும் உண்டா என்று தேடியவருக்கு, ஆற்காடு மிஷனில் வேலை பார்த்த ஹென்றி ஸ்கடர் என்ற பாதிரியார் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தார். பெரியப்பா, சித்தப்பா, மாமா! மார்கன் திகைத்துப்போனார். ஒரு கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே அமைப்பு! இரண்டு மக்களும் ஒரே மூலம் என்று அவர் எடுத்த முடிவு நிற்கவில்லை. ஆனால் 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெரும் நூலிலிருந்துதான் உறவுமுறை ஆராய்ச்சி என்ற துறையே வளர்ந்தது. நாம் தினமும் வாசலில் கூப்பிடும் 'சித்தப்பா' அதன் தொடக்கத்தில் நின்றிருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேல் 8, 16, 32. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர். இருபதில் 10 லட்சத்தைத் தாண்டும். முப்பதில், அதாவது ஏறக்குறைய 750 வருஷத்துக்கு முன்னால், 107 கோடி முன்னோர் இருந்திருக்க வேண்டும்! அன்று உலகத்திலேயே ஐம்பது கோடி மக்கள்கூட இல்லையே? அப்படியானால்? ஒரே மனிதர் மரத்தின் பல கிளைகளில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நம் ஊரில் இதைக் காண அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறே பேர். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் வீட்டில் இன்னும் விசேஷம்: பிள்ளையின் அப்பாவைப் பெற்றவரே அந்தப் பிள்ளைக்குத் தாத்தா, அம்மா வழியில் பார்த்தால் கொள்ளுத்தாத்தாவும் அவரே! நம் குடும்பத்துக்கு மரம் என்ற உருவமே பொருந்தாது. வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலம்தான் பொருந்தும்.

சரி, எங்கே தேடுவது? முதலில் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி. அதற்குள் சாதகம் இருக்கும். பழைய சாதகத்தில் பிள்ளையின் பேரோடு அப்பன், பாட்டன் பேரும் வரும். ஆனால் வருஷம்? 'தாது வருஷம் ஆவணி மாதம்' என்று இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. இதில் எந்தத் தாது? 1876 என்றால் அது நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்ன கொடும் பஞ்சத்தின் வருஷம், அந்தப் பிள்ளை எதைத் தாண்டிப் பிழைத்தது என்று நெஞ்சு பதறும். 1936 என்றால் கதையே வேறு. அதனால்தான் கூடவே ஒரு சம்பவத்தைக் கேட்க வேண்டும். 'எம்டன் குண்டு போட்டபோது அத்தை கைக்குழந்தை' என்று யாராவது சொன்னால் அது பிறப்புச் சான்றிதழுக்குச் சமம். அந்த ஜெர்மன் கப்பல் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22. 'தனுஷ்கோடி போன புயலுக்கு மறு மாசம் கல்யாணம்' என்றால் 1965 ஜனவரி. குமரி, நெல்லைப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும்; 825ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் ஏறக்குறைய வந்துவிடும். வருவாய்த்துறைக் காகிதமென்றால் பசலி, 590ஐக் கூட்டுங்கள். இந்த மூன்று கணக்கும் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

பிறப்புப் பதிவேட்டில் பேர் இல்லை என்று சோர்ந்து திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் பேர் வைக்குமுன் பதிவாகிவிடும். ஆண், பெண் என்பதோடு பெற்றோர் பேர் மட்டும் இருக்கும். ஆகவே அப்பா பேரில் தேட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு உதவாது, வீட்டுக்கு வீடு எடுத்த விவரம் சட்டப்படி ரகசியம்.

பத்திரம்தான் பொக்கிஷம்! 1860களிலிருந்தே நம் மாகாணத்தில் பத்திரப்பதிவு நடக்கிறது. ஒவ்வொருவர் பேருக்கும் பின்னால் த/பெ, க/பெ. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வருகிறது. எல்லாரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு, அதுதான் செக்குபந்தி. 'இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு' என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்களே, அந்த இன்னார்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பல சமயம் பங்காளிகள்! ஒரே பாட்டன் சொத்தைக் கூறுபோட்டால் அண்ணன் நிலத்துக்குப் பக்கத்தில்தானே தம்பி நிலம் இருக்கும்? பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் அது பாதி வம்சாவளியே. வழக்காடிய குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது. சொத்து வழக்குகளில் வம்சாவளியைக் கோடு கிழித்து நீதிமன்றத்தில் கொடுத்திருப்பார்கள். மூன்று தலைமுறைச் சண்டையைப் படிக்க மனசு கனக்கும், ஆனால் ஒருவர் பேரும் விட்டுப்போயிருக்காது.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். 1909இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், வரியில்லா நிலம் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் 'இது உனக்கு எப்படி வந்தது' என்று கேட்டு எழுதியது. கோயில் பூசாரி, தேவரடியார், ஊர்க் கணக்கர், நாவிதர், வெட்டியான் என்று ஊழியம் செய்து மானியம் பெற்ற எல்லாரும் அதில் வருகிறார்கள்.

கல்யாணத்தையே கணக்கில் ஏற்றிக்கொண்ட சமூகமும் நம்மிடையே உண்டு. நகரத்தார் ஒவ்வொருவரும் இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர். திருமணமானதும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'! கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடு. தரங்கம்பாடியில் புராட்டஸ்டண்ட் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கியது 1706. அடுத்த வருஷமே அவருடைய மிஷனில் தமிழருக்கு முதல் ஞானஸ்நானம். கத்தோலிக்கப் பதிவேடுகளில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் திருச்சபை தந்த விலக்கும் குறிக்கப்பட்டிருக்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உறவு என்பதுவரை தெரிந்துவிடும். இலங்கையில் டச்சுக்காரர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் எழுதிய ஏடுதான் தோம்பு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் அந்தச் சொல் இன்றும் கண்ணில் படுகிறது.

ராஜாக்கள் கல்லிலேயே வெட்டிக்கொண்டார்கள். கரூர் பக்கம் புகளூர் மலைப் பாறையில், சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால், சேர அரசர் ஒருவர், அவர் மகன், அந்த மகனின் மகன் என்று மூன்று தலைமுறையும் ஒரே கல்வெட்டில்! தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் சரபோஜி மன்னர் 1803இல் தம் போன்ஸ்லே வம்ச வரலாறு முழுவதையும் மராட்டியில் பொறித்துவைத்தார். உலகின் மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால் நந்தியைப் பார்த்த கையோடு அந்தச் சுவர்ப் பக்கமும் போய்வாருங்கள்.

ஆனால் என் கண்ணில் நீர் வரவைத்தவை ராஜாக்களின் கல்வெட்டுகள் அல்ல. கப்பல் பட்டியல்கள்தான். 1860 அக்டோபர் 12. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 342 பேர் இறங்கினார்கள், கரும்புத் தோட்டக் கூலிகளாக. 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது? ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதினார்கள்! பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம். அதோடு நிற்கவில்லை, உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை! ஓடிப்போனால் பிடிப்பதற்காகக் குறித்துவைத்த கொடுமை அது. நூற்றைம்பது வருஷம் கழித்து, கொள்ளுப்பேத்தி ஒருத்திக்குத் தன் பூட்டனின் இடது முழங்காலில் தழும்பு இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அதுதான்.

இதில் இன்னொன்று தெரியுமா? நம் ஊர்ப் பத்திரங்களில் பெண்களின் பேர் தேடித்தேடி அலுத்துப்போகும். 'இன்னார் சம்சாரம்' என்று முடித்துவிடுவார்கள். கப்பல் பட்டியலில் அப்படி இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், தனிப் பேர், அவளுடைய அப்பாவின் பேர், அவளுடைய ஊர்! வட ஆற்காட்டிலோ தஞ்சாவூரிலோ வாழ்ந்திருந்தால் எந்த ஏட்டிலும் ஏறியிருக்காத ஒருத்தி, கடல் தாண்டியதால் ஏறினாள்.

தென்னாப்பிரிக்காவில் மூட்லி என்று ஒருவரைச் சந்தித்தால் அது முதலியார். கவெண்டர் என்றால் கவுண்டர். வெள்ளைக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அதுவே குடும்பப் பேராகிவிட்டது. இப்படித் தேடும்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழ் கேட்கும். பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு நம்மவர் கப்பல் முதலில் சேர்ந்தது 1854 டிசம்பர் 24. அங்கே இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காகப் பல்லாண்டு வழக்காடிய தலைவரின் பேர் ஆன்றி சிதாம்பரோம். உரக்கச் சொல்லுங்கள். சிதம்பரம்!

மொரீசியஸில் போர்ட் லூயி துறைமுகப் படிக்கட்டில் 1834இலிருந்து ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் இறங்கினார்கள், பீகார்ப் பக்கத்தாரே அதிகம், ஆனால் சென்னையிலிருந்தும் ஏராளம். அந்த இடம்தான் ஆப்பிரவாசி காட், 2006இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அவர்களுடைய பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களிலிருந்து புகைப்படங்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள்: ஊரிலிருந்த அண்ணனுக்கு ஒரு படமும் கிடையாது, கப்பலேறிப் போய்த் 'தொலைந்த' தம்பியின் முகம் மோக்காவில் பத்திரமாக இருக்கிறது! உங்கள் வீட்டில் 'ஒரு தாத்தா பஞ்சத்தில் கண்காணாத தேசத்துக்குப் போனார்' என்ற கதை உண்டா? விட்டுவிடாதீர்கள். இலங்கை மலைநாட்டிலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1964க்குப் பிறகு திரும்பியவர்கள் வீட்டில் என்றால், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையைத் தேடுங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு வேறொரு அதிர்ஷ்டம். பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் பதிந்தார்கள். அந்த ஏடுகளின் படிகள் பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, இன்று வீட்டிலிருந்தபடியே பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. 1881இல் வந்த ஓர் ஆணைப்படி, சொந்தச் சாதிவழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பேர் வைத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் பேரே மாறும், பதிவேட்டைப் பார்க்காவிட்டால் மரம் அங்கேயே ஒடிந்துவிடும்.

காகிதமே இல்லாவிட்டாலும் உடம்பு இருக்கிறது! 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் அவர்தான் என்று எப்படி உறுதியாயிற்று? மன்னரின் அக்கா, அக்காவின் மகள், அவள் மகள் என்று பெண்வழியாகவே ஐந்நூறு வருஷம் இறங்கிவந்த ஒரு மரபில், லண்டனில் தச்சு வேலை செய்யும் ஒருவர் இருந்தார். அவருடைய மரபணு பொருந்தியது! தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஓர் இழை நம் உயிரணுக்களில் உண்டு. பத்திரத்தில் இல்லாத பாட்டிகளெல்லாம் அங்கே ஒருத்தர்பின் ஒருத்தராக நிற்கிறார்கள். பேர் மட்டும்தான் இல்லை.

அந்தப் பேர் யாரிடம் இருக்கிறது? வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம். காப்பகம் எங்கும் போய்விடாது, பாட்டி போய்விடுவார். என் பெரிய பாட்டியிடம் 'பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து கேட்கிறேன்' என்று சொல்லியிருந்தேன், மார்கழியிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து தள்ளிப்போடுவதே இல்லை. கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, 'உங்க அம்மா பேர் என்ன' என்று நேராகக் கேட்காமல், 'உங்களுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? பிரசவத்துக்கு யார் வந்திருந்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பேர்கள் தானாக உதிரும். குலதெய்வம் எந்த ஊர் என்றும் கேளுங்கள். கோயில் அறுபது மைல் தள்ளி இருந்தால், குடும்பம் எங்கிருந்து புறப்பட்டது என்ற தடம் அங்கேதான் கிடைக்கும்.

என் எள்ளுப்பாட்டியை நான் எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? பெரிய பாட்டி போன வருஷம், போகிக்குப் பரணை ஒழித்தபோது. பித்தளைத் தவலை ஒன்று, பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் நசுங்கி, பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருந்தது. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டும் வழக்கம் சட்டென்று ஞாபகம் வர, புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக எழுத்துகள் எழுந்து வந்தன. முதலில் ஊரின் முதலெழுத்து, அடுத்து அவள் அப்பாவின் முதலெழுத்து, பிறகு முழுசாக அவள் பேர். புருஷன் பேர் அதில் எங்கும் இல்லை. அந்தப் பேரை நான் வாய்விட்டுப் படித்தபோது, திண்ணையிலிருந்த என் அம்மா எழுந்து உள்ளே வந்து, 'யாரைக் கூப்பிட்டாய்?' என்று கேட்டார்.